வலப்பக்கத்துப் பெயர்

எங்கள் நாமக்கல் பக்கத்து லாரிகளை நீங்கள் எந்த ரோட்டிலாவது பார்த்திருப்பீர்கள். முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றி மாதிரி ஒரு பலகை இருக்கும். நடுவில் சாமி பெயர். அதற்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வண்டிக்காரரின் பிள்ளைகள் பெயர். மூன்றாவது பிள்ளை இருந்தால் அதன் பெயர் பம்பருக்கு இறங்கிவிடும். எதிரே ஒரு லாரி வந்தால், ஓட்டுகிறவர் முகம் தெரிவதற்கு முன்னாலேயே அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும்.

என் வண்டியில் இடப்பக்கம் என் மகளின் பெயர் மட்டும் இருந்தது. வலப்பக்கம் வெறும் மஞ்சள் பெயிண்ட். அந்த வெறும் இடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் மகளும் அவள் வயதுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்களிலும் சிலருக்குத் தம்பி தங்கை இல்லாமல் இருக்கும். பெரியவர்கள் உங்கள் முன்னால் அதைப் பேசமாட்டார்கள். நீங்கள் உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

என் மகள் எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருசமே பிறந்துவிட்டாள். அதனால் பிள்ளை என்பது நாம் வேண்டும் என்று நினைத்தால் வந்துவிடும் என்றுதான் நானும் என் மனைவியும் நம்பிக்கொண்டிருந்தோம். அவள் நடக்கப் பழகிய சமயத்தில் சொந்தமாக ஒரு லாரி வாங்கினேன். நாமக்கல் பட்டறையில் பெயர் எழுத விட்டபோது பெயிண்டர் பலகையைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஒரு பக்கம் மட்டும் எழுதுனா வண்டி ஒத்தக் கண்ணாட்டம் இருக்குமுங்க. அக்கட்ட உங்க ஊட்டம்மா பேர எழுதீரட்டுங்களா?”

மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். “வேண்டாமுங்க, உடுங்க. அது இவளோட தம்பியோ தங்கச்சியோ, அதுக்கு” என்றாள். பெயிண்டர் சிரித்துக்கொண்டே பிரஷைக் கழுவப் போனார். யாருக்கும் அது பெரிய பேச்சாகத் தோன்றவில்லை.

நான் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிராவுக்குப் போவேன். சோலாப்பூரிலோ அதைத் தாண்டியோ இறக்கிவிட்டு, லாத்தூரில் சோயாப் பிண்ணாக்கு ஏற்றிக்கொண்டு நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வருவேன். ஊர் திரும்ப ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். வருசம் ஒன்று போனது, இரண்டு போனது. வலப்பக்கம் அப்படியே இருந்தது. லோடு ஏற்றும் இடத்தில் இருப்பவர்கள் கேலி பேசத் தொடங்கினார்கள். “ஏம்ப்பா, அந்தப் பக்கத்த வாடகைக்கு உடறயா? எம்பட பையன் பேர எழுதிக்கறேன்” என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. மூத்தது இருக்கும்போது அடுத்தது நிற்காமல் போவதும் உண்டு, அது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது என்று சொன்னார். கர்ப்பப்பைக்குப் போகிற குழாய்களில் ஒன்று என் மனைவிக்கு அடைத்திருந்தது. சோதித்துப் பார்த்ததில் என் பக்கமும் குறை இருந்தது. பிள்ளை உண்டாக அப்பாவின் உடம்பிலிருந்து வர வேண்டிய அணுக்கள் எனக்குக் குறைவு. நாளெல்லாம் இன்ஜின் சூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வேலை, அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

குழந்தை தங்குவதற்கு மாதத்தில் சில நாட்கள்தான் உண்டு. அந்த நாட்களில் அப்பா ஊரில் இருக்க வேண்டும். என் மனைவி எங்கள் ஊர் மோகனூரிலிருந்து பஸ் ஏறி, நாமக்கல்லில் மாறி, சேலம் போய் ஸ்கேன் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணுவாள். நான் சோலாப்பூரில் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருப்பேன். இல்லாவிட்டால் லோடு கிடைக்காமல் லாத்தூரில் நிற்பேன். “நாளைக்கு வந்தரோணுமுங்களாமா” என்பாள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறவன் நாளைக்கு எப்படி வருவது? அந்த மாதம் போய்விடும். பிறகு ஒரு டிரைவரைப் போட்டு வண்டியை அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. தூரம்தான் காரணம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அதையும் சொல்ல முடியவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒன்று நடந்தது. மாலையில் அவளைக் கூட்டிவரப் போன என் மனைவியிடம் டீச்சர், சின்னப் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருக்கிறார். எந்தப் பையன் என்று இவள் கேட்டிருக்கிறாள். தனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்குப் பல் முளைத்திருக்கிறது, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று மகள் வகுப்பில் சொல்லிவைத்திருந்தாள். அவளுக்குத் தம்பி கிடையாது என்று என் மனைவி அங்கேயே டீச்சரிடம் சொல்லிவிட்டாள். வகுப்புப் பிள்ளைகளெல்லாம் நின்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள், “நீ எதுக்கும்மா இல்லைன்னு சொன்ன?” என்று மட்டும் கேட்டாளாம்.

நான் ஊருக்கு வந்த பிறகு என்னிடம் வேறு ஒன்று கேட்டாள். “ஏம்ப்பா, நான் ஒருத்தி பத்தலியா உங்களுக்கு?”

அதற்கு அவள் அம்மாதான் பதில் சொன்னாள். “எங்களுக்குப் பத்தும் சாமி. பின்னால உனக்கு யாரும் இல்லாமப் போயிரக் கூடாதுன்னுதான்.” அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். கைக்குழந்தையோடு யாராவது எதிரே வந்தால் என் மனைவி வேறு பக்கம் பார்ப்பாள். காதுகுத்துக்கு அழைத்தால் முறைக்கு நான் மட்டும் போய் வருவேன்.

கடைசியாக, வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை. எங்கள் பக்கம் டெஸ்ட் டியூப் என்பார்கள். அதற்காக அவளுக்கு வயிற்றில் ஊசி. தினமும் அவளே போட்டுக்கொள்ளப் பழகினாள். கருக்கள் இரண்டு உருவாயின. ஒன்றை உள்ளே வைத்தார்கள். இன்னொன்றை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

அந்தச் சமயம் லாரிக்கு எஃப்.சி. வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று அரசாங்கத்தில் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் பட்டறையில் விட்டு, பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடுவோம். பெயிண்டர் என் மகள் பெயரை எழுதி முடித்து, மஞ்சள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அப்போது என் மனைவியிடமிருந்து போன் வந்தது. ரத்தப் பரிசோதனையில் குழந்தை தங்கியிருப்பது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பட்டறையில் என்றேன்.

“பெயிண்டர் இருக்காருங்களா?”

“இருக்காரு.”

“எழுதச் சொல்லுங்க.”

மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். எங்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்த எஃப்.சி. வரைக்கும் அந்த இடம் வெறுமையாகப் போவதை அவளால் தாங்க முடியாது. ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பெயரை அவள் என்றோ முடிவு பண்ணி வைத்திருந்தாள். சிவப்பில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்தார் பெயிண்டர். மகள் பெயருக்கு நேராக, அதே உயரத்தில். போட்டோ எடுத்து அனுப்பினேன். சந்தோசத்தில் அவள் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள், என்னோடு ஓடுகிற டிரைவர்கள், மகளின் டீச்சர், எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சித்ரதுர்கா தாண்டும்போது என் அண்ணன் மனைவி கூப்பிட்டார். ஸ்கேனுக்குத் துணையாகப் போனவர் அவர்தான். கரு இருக்கிறதாம், அதில் துடிப்பு இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு, “வண்டிய ஓரங்கட்டு சாமி, அப்பறம் அழுதுக்க” என்றார். ஓரங்கட்டினேன். லோடு இருக்கும்போது வண்டியைப் போட்டுவிட்டு வர முடியாது. சோலாப்பூர் போய் இறக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வழியில் டீக்கடையில் சங்ககிரி டிரைவர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டேட்டஸில் பார்த்தேன், இனிப்பு எங்கே என்றார். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

வலப்பக்கப் பெயர் ஓட்டுகிறவன் தலைக்கு நேர் மேலே இருக்கும். உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. எதிரே வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அப்படியே அந்தப் பயணம் முழுவதும் ஓட்டினேன்.

திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போனேன். விசயத்தைச் சொல்லி, அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். பெயிண்டர் துணியில் கையைத் துடைத்தபடி இருந்தார்.

“சாமி பேரக்கூட அழிச்சுட்டு மாத்தி எழுதீருவனுங்க. கொழந்த பேர மட்டும் தனியாச் சொரண்டறதில்லீங்க, எங்க பட்டறையில பழக்கம் அப்படி. அடுத்த எஃப்.சி.க்கு வண்டி மொத்தமும் சொரண்டுவம்ல, அதோட போயிருமுங்க.”

நானே ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியை வாசலில் நிறுத்தி, பம்பர் மேல் ஏறி நின்றேன். என் மனைவி கதவுப் பக்கம் வந்து பார்த்தாள். மூடியைத் திறக்காமலே இறங்கிவிட்டேன்.

அதனால் அந்தப் பெயரோடு வண்டி ஓடியது. எடை மேடையில் கேட்டார்கள், டோலில் கேட்டார்கள். முதலில் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். சொன்னால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும், எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார்கள். பின்னால் வண்டி வரிசையில் நிற்கும். சும்மா தலையாட்டிவிட்டுப் போவது சுலபமாக இருந்தது.

சோலாப்பூருக்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் மெஸ் வைத்திருக்கிறார். நம் ஊர் டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவோம். அவர் தட்டில் சோறு போடும்போது வெளியே வண்டியைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது பொறந்துடுச்சா தம்பி? என்னா கொழந்த?” என்று கேட்டார். பொண்ணு என்று சொல்லிவிட்டேன். ஏன் பொண்ணு என்று சொன்னேன் என்று தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார். குப்புற விழுகிறதா என்பார், விழுகிறது என்பேன். தவழ்கிறதா என்பார், நேற்றிலிருந்து என்பேன். முதல் தடவைக்குப் பிறகு அதை நிறுத்துவதற்கு ஓர் இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் உறைய வைத்திருந்த இன்னொரு கருவை வைத்தார்கள். நம்பிக்கை வைக்கச் சொல்லமாட்டேன் என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். ஆனாலும் வைக்காமல் இருக்க முடியுமா? முடிவு வந்த நாளில் நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தங்கவில்லை. புதிதாகக் கருமுட்டை எடுத்துப் பார்க்கவும் உடம்பு ஒத்துழைக்காது, இனிமேல் உடம்பைப் படுத்த வேண்டாம் என்றார்.

“அப்ப அவ்வளவுதானுங்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

“அவ்வளவுதாம்மா.”

வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். புது பஸ் ஸ்டாண்டு வந்ததும், நாமக்கல் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்றாள். ஊருக்கு வந்து, ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்த ஊசி மருந்துகளை எடுத்துவிட்டு அந்தத் தட்டில் தயிரை வைத்தாள்.

எஃப்.சி. மறுபடியும் வந்தது. வண்டியை மொத்தமாகச் சுரண்டினார்கள். தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. பெயிண்டர் என்னைக் கேட்கவே இல்லை. சாமி பெயரை இடப்பக்கம் தள்ளி, என் மகள் பெயரை நடுவிலிருந்து வலப்பக்க ஓரம் வரை பெரிதாக எழுதிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த வண்டியோடு மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றிருந்தார். “சின்னவ பேரு எங்க தம்பி?” என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் இடம். வாயைத் திறந்தேன். “பெயிண்ட் வேலை இன்னும் முடியலீங்க்கா” என்றுதான் வந்தது. “அதானே பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பச்சையில் ஒரு பாவாடை, அதற்கு ஒரு சட்டை. சோலாப்பூர்ச் சந்தையில் வாங்கினாராம். “ஒரு வயசுப் புள்ளைக்குன்னு கேட்டு வாங்குனேன். கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், வளர்ற புள்ளதானே” என்றார்.

வழியில் எங்கேயாவது அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் வைத்து வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அழுக்குத் துணி எடுக்க வண்டியில் ஏறிய என் மனைவி பையைப் பார்த்துவிட்டாள். பாவாடையை எடுத்து மடியில் விரித்தாள்.

“இது யாருக்குங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். எடை மேடையில் தலையாட்டியது, மெஸ்ஸில் பொண்ணு என்று சொன்னது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாவாடையின் இடுப்பு நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடக்குதுன்னு சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஒரு வயசாச்சுன்னா நடக்கோணுமுங்க. இவ பதினோராம் மாசமே நடந்துட்டா.”

அடுத்த தடவை போகும்போது அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“சொல்லீராதீங்க” என்றாள். “அங்கயாச்சும் இருக்கட்டும்.”

அந்தப் பாவாடை சட்டை எங்கள் பீரோவில் என் மகளின் பழைய துணிகளோடு இருக்கிறது. சென்ற மாதம் அவள் அதை எடுத்து வந்து, இது என்னுடையது இல்லையே, யாருடையது என்று கேட்டாள். இப்போது அவளுக்குச் சொன்னால் புரியும். நேரில் சொல்ல வராததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இன்னும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறேன். மெஸ்ஸில் சாப்பிடாமல் போனால் அக்கா போன் பண்ணிவிடுவார், அதனால் நெற்றிப் பலகை தெரியாதபடி தள்ளி நிறுத்துகிறேன். அவர் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால், அக்கா கேட்டார்களா, என்ன சொன்னீர்கள் என்று என் மனைவி கேட்கிறாள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துகிறாள். அந்த வயசில் அப்படிப் பேசாது என்கிறாள். மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

போன தடவை அக்கா, சின்னவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடப்போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன். இதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.